பாலே வீடியோ பார்த்துச் செய்தால் அரைமண்டிக்குப் பலம் வருமா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பத்து வயதிலிருந்து பரதம் கற்றவள். கல்யாணம், பிரசவம் என்று நான்கு வருடம் விட்டுப்போனது. இப்போது ஒரு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் சேலத்துக்கு இறங்கி வகுப்புக்குப் போகிறேன். நவராத்திரிக்கு ஒரு வர்ணம் (பரதக் கச்சேரியின் நீளமான உருப்படி) ஆட வேண்டும். பாதி வர்ணத்திலேயே தொடை நடுங்கி, அரைமண்டி (முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) மெல்ல மெல்ல எழும்பிவிடுகிறது. பலம் வரட்டும் என்று யூடியூபில் பாலே என்ற மேற்கத்திய நடனப் பாணி உடற்பயிற்சியைப் பார்த்து இரண்டு மாதமாகத் தினமும் 40 நிமிடம் செய்கிறேன். இப்போது இரண்டு முட்டிச் சில்லைச் சுற்றியும் வலி. இறக்கத்தில் நடந்தாலும், பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் அதிகமாகிறது. முட்டியில் சடக் சடக் என்று சத்தமும் வருகிறது. “ஆட ஆடத் தானாகப் பலம் வரும், பாலே செய்தால் அடவு (பரதத்தின் அடிப்படை அசைவு) கெட்டுப்போகும்” என்கிறார் டீச்சர். நிறுத்திவிடட்டுமா?

பதில்: முட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில்லைச் சுற்றி வலி, இறங்கும்போது அதிகம், மடக்கி உட்கார்ந்து எழுந்தால் அதிகம் என்று ஒருவர் சொன்னால், தொடை எலும்பின் பள்ளத்தில் சில்லு சறுக்கும் இடத்துக்கு அளவுக்கு மீறிய சுமை விழுகிறது என்றுதான் முதலில் நினைப்போம். எங்கள் மருத்துவத் துறையில் இதற்கு ‘தியேட்டர் முட்டி’ என்று ஒரு செல்லப்பெயரே உண்டு. மூன்று மணி நேரம் படம் பார்த்துவிட்டு எழும்போது வலிக்கும் முட்டி. உங்களுக்குத் தியேட்டரே வேண்டாம், முன்சீட்டில் முட்டி இடிக்க 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் போதும். வெறும் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். வலியோ வீக்கமோ சேராத சடக் சத்தம் பெரும்பாலும் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் காற்றுக் குமிழிதான்.

இந்தச் சுமை எங்கிருந்து வந்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஏழு நாளும் 40 நிமிடம் முட்டி மடக்கி நிற்பது, அதன் மேல் இரண்டு நாள் வகுப்பு, அதன் மேல் மலைப்பாதை. ஓய்வு நாள் எங்கே?

அந்த வீடியோக்கள் யாருக்காக உண்டானவை என்பதையும் பார்க்க வேண்டும். பாலே வகுப்பில் பிடித்துக்கொள்ளும் மரக்கம்பிக்கு ‘பார்’ என்று பெயர் (டாஸ்மாக் நினைப்பு வேண்டாம்). அந்தக் கம்பியை வைத்து 1959-ல் லண்டனில் லோட்டே பெர்க் என்ற நடனக்காரர் ஆரம்பித்த முறையிலிருந்துதான் இந்த வகைப் பயிற்சிகள் கிளைத்தன. அவரிடம் வந்து செய்தவர்களில் பலர் நடனமே ஆடாத பெண்கள். அரைகுறையாக மடக்கி, ஒரு அங்குலம் மேலே கீழே என்று நூறு தடவை துடிக்கவிட்டால் தொடை எரியும். அந்த எரிச்சல் உண்மைதான், ஆனால் அதனால் வளர்வது தாங்கும் திறன். பத்து வயதிலிருந்து தட்டடவு போட்டவருக்கு அதில் புதிதாகக் கிடைப்பது கொஞ்சம்தான். உங்களுக்குக் குறைவாக இருப்பது வலு. வலு வேண்டுமானால் சுமை கூட வேண்டும், எண்ணிக்கை குறைய வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும். டீச்சர் சொல்வது பாதி சரி. ஆட ஆட நளினமும் நினைவும் மூச்சும் வரும். ஆனால் தசை பழகிய சுமைக்கு மேல் ஒரு படி கொடுத்தால்தான் அதன் பலம் ஒரு படி ஏறும்.

அடவு கெடும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், பரதத்துக்கு வருமுன் புகழ்பெற்ற ரஷ்ய பாலே நடனக்காரர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். டீச்சரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

பாலேயிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், கால் எங்கிருந்து திரும்ப வேண்டும் என்பது. அரைமண்டியில் பாதம் பக்கவாட்டில் பார்க்கிறது. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு தராததைப் பாதத்தைத் தரையில் அழுத்தித் திருகி வாங்கினால், முட்டி உள்ளே சாயும், உள்ளங்கால் வளைவு சப்பையாகும், சில்லு தன் பள்ளத்தில் கோணலாக உரசும். உங்கள் திருப்பம் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். குதிகால்களைச் சேர்த்து, முட்டி நீட்டி நில்லுங்கள். பாதத்தின் முன்பகுதியை மட்டும் தரையிலிருந்து தூக்கி, தொடையை இடுப்பிலிருந்து வெளியே திருப்பி, பாதத்தை இறக்குங்கள். விரல்கள் எங்கே இறங்குகின்றனவோ அதுதான் உங்கள் அளவு. இடுப்புக் குழியின் எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. 27 வயதில் அதை மாற்ற முடியாது. அந்த அளவிலேயே அரைமண்டி இறங்கி, வீட்டுக்காரரை முன்னால் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முட்டி இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். கட்டைவிரல் பக்கம் சரிந்தால், எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாலும் வலியைத்தான் வளர்க்கிறீர்கள்.

சரி, என்ன செய்வது? வாரத்தில் மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், 25 நிமிடம் போதும். வகுப்புக்கு முன்னால் வேண்டாம். சமையல் மேடையையோ ஜன்னல் கம்பியையோ லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள், தொங்கக் கூடாது.

முதலில் அரைமண்டி இறங்கி ஏறுவது. பாலேக்காரர்கள் பிளியே என்பார்கள். முதல் காலத்தைவிடவும் (அடவின் மிக மெதுவான வேகம்) மெதுவாக, நான்கு எண்ணி இறங்கி, நான்கு எண்ணி எழுங்கள். முட்டி வலி உள்ளவரை பாதி ஆழம்தான். பத்து தடவை சுலபமாக வந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருப்பதுதான் சரியான சுமை. இரண்டு நிமிடம் ஓய்வு விட்டு மூன்று சுற்று.

அடுத்தது குதிகாலைத் தூக்கி இறக்குவது. நுனிக்காலில் குதித்துக் குதிகாலைத் தட்டும் குதித்து மெட்டடவுக்கு இதைவிட நல்ல நண்பன் கிடையாது. இரண்டு காலில் ஆரம்பித்து ஒற்றைக் காலுக்குப் போங்கள். முட்டி நீட்டி ஒரு சுற்று, லேசாக மடக்கி ஒரு சுற்று. கெண்டைக்காலில் இரண்டு தசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதம். ஒற்றைக் காலில் 25 தடவை முழு உயரத்துக்கு வந்தால் ஆட்டக்காரருக்கு நல்ல கால்.

பிறகு, ஒருக்களித்துப் படுத்து முட்டி மடக்கி, குதிகால்கள் ஒட்டியபடி மேல் முட்டியை மட்டும் சிப்பி திறப்பது போலத் திறப்பது. திருப்பத்தைப் பிடித்து வைக்கும் புட்டத் தசைகளுக்கு இது. சேதுபந்தாசனமும் (மல்லாந்து படுத்து, முட்டி மடக்கி, இடுப்பைத் தூக்குவது) சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து, தாழ்வான ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று மறு குதிகாலால் தரையைத் தொட்டு எழுவது. நாட்டடவில் ஒரு கால் நீளும்போது மற்ற கால் தனியாகச் சுமக்கிறதே, அந்த வேலைதான் இது. மலை இறங்கவும் உதவும்.

செய்யும்போது பத்துக்கு மூன்று வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். ஆறு வாரத்துக்கு முழுமண்டியும் (முழுக்க உட்கார்ந்த நிலை) அதில் ஆடும் மண்டியடவும் வேண்டாம். டீச்சர் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள். முட்டி அடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்; தொடை நடுக்கம் அதற்கு முன்பே குறையத் தொடங்கும்.

தரையையும் கவனியுங்கள். பாலே ஆடுபவர்கள் அடியில் வெற்றிடம் விட்ட மரத்தரையில் ஆடுகிறார்கள். நாம் கான்கிரீட் மேல் டைல்ஸில் தட்டுகிறோம், அதுவும் வெறுங்காலில். பலத்தைச் சத்தத்தில் காட்டாமல் வீட்டில் மெதுவாகத் தட்டிப் பழகுங்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு தட்டும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிகிறதா? நிறையப் பேருக்கு உண்டு, வெட்கத்தில் சொல்வதில்லை. அதற்கும் பயிற்சி இருக்கிறது, பெரும்பாலும் குணமாகும். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றாலோ எப்போதும் களைப்பாக இருந்தாலோ ரத்தம் பரிசோதியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவரானால், ஏற்காடு காபி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாத்திரையோடு வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வகுப்பு முடிந்து பஸ் ஏறுமுன் தட்டுவடை செட் சாப்பிடுவீர்கள் என்று தெரியும். சாப்பிடுங்கள், கூட இரண்டு முட்டையோ ஒரு கை சுண்டலோ இருக்கட்டும்.

முட்டி வீங்கினாலோ, மடங்கிச் சிக்கிக்கொண்டாலோ, திடீரென்று கைவிட்டாலோ, முட்டிக்குக் கீழே காலின் முன்புற எலும்பில் ஒரே விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் வலித்து ராத்திரியிலும் தொடர்ந்தாலோ பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் ஆறு வாரத்தில் வலி பாதிகூடக் குறையவில்லை என்றாலும் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். போகும்போது நீங்கள் அரைமண்டி இறங்கும் அந்த வீடியோவையும், வகுப்புக்குப் போட்டுப்போகும் செருப்பையும் எடுத்துப் போங்கள். செருப்பின் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று.