ஜெர்மனியின் பிர்மாசென்ஸில் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்ட பேரணாம்பட்டுத் தம்பிக்கு

தம்பி, நீ நாலு கேள்வி கேட்டிருக்கிறாய். வாடகை வீடு, இந்திய மளிகை, ஜெர்மன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், கடைசியில் தயங்கித் தயங்கி, "அண்ணா, இங்கே காட்டு ரோடெல்லாம் காலியாகக் கிடக்கிறதே, கார் வாங்காமல் நல்ல சைக்கிளாக வாங்கி மலை, ஏரி என்று சுற்றலாமா, பாதுகாப்புதானே?" என்று. முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. மளிகைக்குக் கைசர்ஸ்லாட்டர்ன் போ, வேலை முடிந்தது. நாலாவதை என்னிடம் விடு.

சைக்கிள் வாங்கு, கட்டாயம் வாங்கு. ஆனால் ரோடு காலி, அதனால் பயமில்லை என்ற கணக்கை மட்டும் பேரணாம்பட்டிலேயே விட்டுவிடு. நாமெல்லாம் நெரிசலில் சைக்கிள் பழகியவர்கள். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் எதிரே தப்பான பக்கத்தில் ஆட்டோ வரும், பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டான், நடுவில் மாடு நிற்கும், அதிலும் நாம் ஒரு கையில் பால் பாக்கெட்டோடு போய் வருவோம். அங்கே யாரும் வேகமாகப் போக முடியாது, அதோடு எவன் எங்கே வருகிறான் என்று ஹாரன் சொல்லிவிடும். இங்கே ஊர்ப் பலகையைத் தாண்டிவிட்டால், வேறு பலகை இல்லாத வரை அந்த ஒல்லியான காட்டு ரோட்டிலும் காருக்கு 100 கிலோமீட்டர் வேகம் சட்டப்படி சரி. ஹாரன் அடிக்க மாட்டார்கள். அரை மணி நேரம் ஒரு வண்டியும் வராமல் இருந்து, வளைவில் திடீரென்று ஒன்று வரும், ஓட்டுகிறவனும் உன்னைப் போலவே ரோடு காலி என்று நினைத்துக்கொண்டு வருவான். சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்கு வெளியே 2 மீட்டர், ஊருக்குள் ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்று 2020-லிருந்து சட்டம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் விடுகிறார்கள். விடாதவர்களுக்காகத்தான் சொல்கிறேன், ஓரத்துப் புல்லை ஒட்டிப் பம்மிக்கொண்டு ஓட்டாதே, ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி ஓட்டு. நீ ஒதுங்கினால் அவன் உரசிக்கொண்டு போவான். லாண்டாவ் போகும் பி10 நெடுஞ்சாலைப் பக்கம் சைக்கிளோடு தலைவைத்தும் படுக்காதே, முழுக்க லாரி.

ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டம் இன்னொரு தலைவலி. யோஹானிஸ்க்ராய்ட்ஸ் என்று காட்டுக்கு நடுவில் ஒரு சந்திப்பு இருக்கிறது, வெயில் அடித்தால் சுற்று வட்டாரத்து மோட்டார் பைக்கெல்லாம் அங்கேதான் நிற்கும். வளைவில் சாய்ந்து வரும்போது நடுக்கோட்டைத் தாண்டி உன் பக்கம் தலை நீட்டுவார்கள். அதற்கும் வழி இருக்கிறது. எல்ம்ஷ்டைன் பள்ளத்தாக்கு ரோட்டில் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை சனி ஞாயிறும் விடுமுறை நாட்களும் பைக்குகளுக்குத் தடை. ரயிலில் லாம்ப்ரெக்ட் வரை போய் இறங்கி அந்தப் பள்ளத்தாக்கு ஓடையோடு ஏறு. எல்ம்ஷ்டைன் வரை ஏறுவதே தெரியாது, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடுகிற நாட்களில் பழைய நீராவி ரயில் வரும், குழந்தைகள் கையாட்டும், நீயும் ஆட்டு. சைக்கிளுக்கு இந்த வட்டார ரயில்களில் சனி ஞாயிறு முழுக்கவும், மற்ற நாட்களில் காலை 9 மணிக்கு மேலும் காசு கிடையாது. இதைக்கூட உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஆட்கள் வந்த முதல் மாதமே பழைய கார் விளம்பரத்தைத்தான் அனுப்புவார்கள்.

நம் ஆட்களைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து ஏழு காரில் வருவார்கள், ஏரிக்கரையில் பிரியாணி அண்டாவை இறக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், "இங்கே எப்படிப்பா இருக்கிறாய், ஒன்றுமே இல்லையே" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டுப் போவார்கள். இருட்டுவதற்குள் கிளம்பியும் விடுவார்கள், காட்டு ரோட்டில் ஓட்டப் பயம்.

நான் வந்தபோது இந்த ஊரில் செருப்பு ஆலைகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. வேடிக்கை என்னவென்றால், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அதே வேலை கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது, நான் அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள இங்கே வந்திருந்தேன். நவம்பர் மாதம். சாயங்காலம் நாலரைக்கே இருட்டு. ஞாயிறு ஒரு கடை திறக்காது, பஸ் எப்போதோ ஒன்று. அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியாமல்தான் மாடி வீட்டுப் பெரியவரிடம் அவருடைய பழைய மூன்று கியர் சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். இந்த ஊர் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது, நீயே பார்த்திருப்பாய். வெளியே போவது சுகமான இறக்கம், எங்கே போனாலும் வீடு திரும்புவது ஏற்றம். அந்த மூன்று கியரை வைத்துக்கொண்டு கடைசி ஏற்றத்தைப் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். அதனால் கியர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார், பழைய வண்டியே போதும்.

உயரத்தைப் பார்த்தும் ஏமாறாதே. இந்த ஃபெல்சர் காட்டில் மிக உயர்ந்த குன்றே 673 மீட்டர்தான். நம் ஏலகிரி ஆயிரத்தைத் தாண்டும். பள்ளிக்கூட நாட்களில் வாடகை சைக்கிளில் ஏலகிரி அடிவாரம் போய், கொண்டை ஊசி வளைவு பதினாலையும் மூச்சு வாங்க ஏறியிருக்கிறோம், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ, பாரதி, வள்ளுவர், பாரி என்று படித்துக்கொண்டே. ஆனால் அது ஒரு தடவை ஏறினால் முடிந்தது, புங்கனூர் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. இங்கே நூறு மீட்டர் ஏறு, இறங்கு, மறுபடி நூறு ஏறு, நாள் முழுக்க இதேதான். மாலையில் கணக்குப் பார்த்தால் ஏலகிரியைத் தாண்டியிருப்பாய்.

இறக்கத்தில்தான் ஆபத்து அதிகம். இங்கே பாறை சிவப்பு மணற்பாறை, மழை பெய்தால் அந்த மணல் வளைவில் வந்து படியும். அக்டோபரில் பீச் மர இலை விழுந்து நனைந்து கிடக்கும், பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், நீ நிற்க மாட்டாய். நிழல் விழும் வளைவுகளில் பனிக்காலம் முழுக்க பத்து மணி ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். ஏறும்போது வேர்த்துக் கொட்டும், இறங்கும்போது அந்த வேர்வை அப்படியே உறையும், வேலூர் உடம்புக்கு அது சட்டென்று புரியாது. மெல்லிய காற்றுச் சட்டை ஒன்று ஜூலையிலும் பையில் இருக்கட்டும். மசங்கும் நேரத்தில் மானும் காட்டுப்பன்றியும் குறுக்கே பாயும், ஒன்று பாய்ந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று நின்றுவிடு. முன்னும் பின்னும் நல்ல விளக்கு போடு. ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் ராத்திரி போயிருக்கிறாயா, நட்சத்திரம் பார்க்க வானாய்வுக்கூடம் வைத்த இடம்? அந்த இருட்டுதான் இங்கேயும்.

புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும். நம் ஊர் மாட்டு உண்ணி என்று அலட்சியம் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பார், இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு, எண்ணெய் கிண்ணெய் தடவாதே. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் ஓடு. அது பொரெலியா, அதற்கு இங்கே போட ஊசி கிடையாது, மருந்து உண்டு.

அப்புறம் போன். லுட்விக்ஸ்விங்கல், ஃபிஷ்பாக் பக்கம் போனால் சிக்னல் வரும் போகும், எல்லை கிட்டே பிரெஞ்சு டவர் பிடிக்கும். காட்டில் அங்கங்கே பச்சைப் பலகையில் வெள்ளைச் சிலுவையும் எண்ணும் இருக்கும். தாண்டும்போது அந்த எண்ணைப் பார்த்து வைத்துக்கொள், 112-க்கு அடித்து அதைச் சொன்னால் இடம் தெரிந்து வருவார்கள். எனக்கு ஒரு தடவை ஃபிஷ்பாக் தாண்டி டயர் பக்கவாட்டில் கிழிந்து, சிக்னலும் இல்லாமல் தள்ளிக்கொண்டு நடந்தேன். விறகு ஏற்றிய சின்ன வேனில் ஒரு அம்மா வந்தார், நிறுத்தினார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, சைக்கிளைத் தூக்கி விறகு மேல் போட்டார், வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஜெர்மன்காரர்கள் ஒட்டமாட்டார்கள் என்று சொல்பவர்கள் எல்லாம் மால் வாசலில் பார்த்த ஜெர்மன்காரர்களைத்தான் சொல்கிறார்கள்.

ஏரி கேட்டாயே. ஷோன்டால் ஏரிக்குப் போ, லுட்விக்ஸ்விங்கலை ஒட்டியது. அங்கிருந்து எல்லை தாண்டி ஷ்டூர்ட்செல்ப்ரோன் வழியாகப் பிரான்ஸ் பக்கம் ஹனோ ஏரி வரை காட்டுக்குள்ளேயே ரோடு. பாஸ்போர்ட்டும் விசா அட்டையும் பையில் இருக்கட்டும். இந்தக் காட்டு ஏரிகளில் நிறைய மனிதன் கட்டியவைதான், மீன் வளர்க்க, வெட்டிய விறகை ஓடையில் மிதக்கவிடத் தண்ணீர் தேக்க. கரை ஓரத்தில் மதகைப் பார்த்ததும் எனக்குக் காவேரிப்பாக்கம் ஏரிதான் ஞாபகம் வந்தது. அப்பா அங்கே கலங்கல் வழிகிறது என்றால் சைக்கிள் பாரில் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவார், கால் மரத்துப் போகும், இறங்கி நிற்க முடியாது, இருந்தாலும் அடுத்த மழைக்கு நான்தான் முதலில் ஏறுவேன். பாலாறு அப்போதும் மணல்தான். 2021 நவம்பரில் இரு கரை தொட்டு ஓடியபோது தங்கை வீடியோ அனுப்பினாள், ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன், ஒரு ஆறு ஓடுவதற்கு இவன் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று பார்த்தார்கள்.

தண்ணீர் பாட்டில் தீர்ந்தால் ஊருக்குள் கல்லறைத் தோட்டம் தேடு, குழாய் இருக்கும், குடிக்கக் கூடாது என்று பலகை இல்லையென்றால் பிடித்துக்கொள். முதலில் எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது, சுடுகாட்டுத் தண்ணீரா என்று அம்மா போனில் கத்தினார். இப்போது வீட்டுக்கு வரும் ஜெர்மன் நண்பர்களுக்கே எந்தக் கல்லறையில் குழாய் நல்லது என்று நான்தான் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குக் காட்டுக்குள் நடைக்காரர் சங்கத்துக் குடில்கள் இருக்கின்றன, பெரும்பாலும் சனி ஞாயிறு மட்டும். கெட்டித் தயிர் மாதிரி ஒரு வெள்ளை பாலாடைக்கட்டி, வெங்காயம் போட்டு ரொட்டியோடு தருவார்கள், நான் பையிலிருந்து ஆம்பூர்ப் பருப்புப் பொடியை எடுத்து மேலே தூவுவேன், பரிமாறுகிற பாட்டி இப்போது தனக்கும் ஒரு பொட்டலம் கேட்கிறார். அரை லிட்டர் டம்ளரில் ஒயினும் சோடாவும் கலந்து தருவார்கள், அதில் ஜாக்கிரதை. சைக்கிள்தானே என்று நினைக்காதே, ரத்தத்தில் மது 1.6 ப்ரோமில், அதாவது ஆயிரத்தில் 1.6 பங்கு, தாண்டினால் கிரிமினல் வழக்கு, தள்ளாடியோ மோதியோ மாட்டினால் 0.3-க்கே வம்பு.

குடிலில் கார்டு எடுக்காத இடங்கள் நிறைய, நோட்டாகக் காசு வைத்துக்கொள். ஜெர்மன் பேச வருமா என்று கேட்டாயே, அந்தப் பாட்டியோடு நாலு ஞாயிறு பேசினால் வந்துவிடும். வாடகை வீட்டுக்கு மட்டும் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, மற்றதை நம் ஆட்களின் குழுவில் கேள்.