காச்சோ இ பெப்பே: சீஸ் ஏன் உருண்டை கட்டுது?

கேள்வி: காச்சோ இ பெப்பே (சீஸும் மிளகும் போட்ட ரோம் பாஸ்தா) மூணு தடவ செஞ்சுட்டேன். ஒவ்வொரு தடவையும் சீஸ் ரப்பர் மாதிரி உருண்டு கரண்டியில ஒட்டிக்குது, தட்டுல வெறும் தண்ணிதான் நிக்குது. கிரீம் ஊத்துனா சரியாகுமா?

பதில்: கிரீம் வேணாங்க. ரோம்ல இதுக்கு பெக்கோரினோ ரொமானோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணி அவ்ளோதான், வெண்ணெய் கூட கிடையாது.

பாஸ்தா சட்டி அடுப்புல இருக்கும்போதே சீஸ போட்டிருப்பீங்கன்னு நெனக்கிறேன். சூடு ஒரு 65 டிகிரிய தாண்டிட்டா சீஸ்ல இருக்குற புரோட்டீன் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு கட்டியாயிடும், அப்புறம் எவ்ளோ கிண்டினாலும் பிரியாது. மோர்க்குழம்பு திரிஞ்சிடக்கூடாதுன்னு நுர கட்டுனதும் எறக்கிடுவோம்ல, அரிசியும் பருப்பும் அரச்சு ஊத்துறதும் அதுக்கு ஒரு காவல்தான, அந்த வேலைய இங்க பாஸ்தா தண்ணியில இருக்குற ஸ்டார்ச் (மாவுச்சத்து) பாக்குது. ஆனா நாம அண்டா தண்ணியில பாஸ்தாவ வேக வச்சா அந்த ஸ்டார்ச் நீத்துப் போயிடும்.

2025-ல இத்தாலிய இயற்பியல்காரங்க சிலர் இதயே ஆராய்ச்சி பண்ணி பேப்பர் போட்டு சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு குடுக்குற இக் நோபல் பரிசும் வாங்கிட்டாங்க (வேற வேல இல்லையான்னு கேக்காதீங்க, உபயோகமான வேலதான்). சீஸ் எடையில 2-லேந்து 3 சதவீதம் ஸ்டார்ச் இருக்கணும், 1-க்கு கீழ போனா கட்டி கட்டும், 4-க்கு மேல போனா ஆறுனதும் களி மாதிரி எறுகிடும்னு கண்டுபுடிச்சாங்க.

அதனால இப்டி பண்ணுங்க. 4 கிராம் கார்ன்ஃப்ளார் (வெள்ளையா இருக்குறது, மஞ்ச மக்காச்சோள மாவு இல்ல), 40 மில்லி தண்ணியில கரச்சு சிம்ல வச்சு கூழ் பதத்துக்கு வந்ததும் எறக்கி, மேல 80 மில்லி பச்சத்தண்ணி ஊத்தி ஆறவிட்டு, துருவுன பெக்கோரினோ 160 கிராம் போட்டு மிக்ஸியில ஒரு சுத்து சுத்துங்க, மோர் மாதிரி வழவழன்னு வரும். 240 கிராம் பாஸ்தாவுக்கு இது போதும். மிளக வெறும் சட்டியில வாசன வர்ற வரைக்கும் வறுத்து ஒண்ணும் பாதியுமா இடிச்சுக்கங்க. பாஸ்தாவ வடிச்சு, அடுப்ப அணச்சு, ஒரு நிமிஷம் விட்டு சீஸ் கலவையும் மிளகும் போட்டு கலக்குங்க, கெட்டியா இருந்தா பாஸ்தா தண்ணி ரெண்டு கரண்டி. பெக்கோரினோ செம்மறி ஆட்டுப்பால் சீஸ், செம உப்பு, அதனால வேக வைக்கிற தண்ணியில உப்ப பாதியா கொறச்சிடுங்க.

பாக்கெட்ல பொடியா வர்ற சீஸ் மட்டும் வேணாம், ஒட்டாம இருக்க அதுல வேற எதெதையோ கலந்துருப்பாங்க, கட்டியா வாங்கி நீங்களே நைஸா துருவிக்கங்க.