கால்பந்தை விடச் சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பு முடித்திருக்கும் உங்கள் மகளைக் கால்பந்திலிருந்து இப்போதே விலக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலக்க வேண்டாம், ஆனால் கிளப் சம்பளத்தை மட்டும் நம்பி அவளுடைய எதிர்காலத்தைத் திட்டமிடவும் வேண்டாம்.

உங்கள் அச்சம் நியாயமானதே. 2024-25 பருவத்தில் ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கின் ஆண்கள் அணி ஒவ்வொன்றும் லீக் சுற்றில் 24 ஆட்டங்கள் ஆடியபோது, இந்திய மகளிர் லீக்கின் எட்டு அணிகளுக்குத் தலா 14 ஆட்டங்களே கிடைத்தன. இந்த லீக்கில் ஆடும் அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கேனும் ஆண்டுக்கு ரூ.3.2 லட்சத்துக்குக் குறையாத ஊதியத்துடன் ஒப்பந்தம் தர வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-இல் முடிவெடுத்தது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆயினும் எட்டு அணிகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், இவ்வளவு பெரிய நாட்டில் எண்பது பேருக்குத்தான் அந்த உறுதி.

ஆகவே நிலையான வருமானத்துக்குப் பல வீராங்கனைகள் அரசுப் பணியையே நாடுகிறார்கள். இந்திய அணிக்காக ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உள்ளன. இரண்டுக்கும் அடிப்படை, போட்டிகளில் பெறும் சான்றிதழ்தான், பல குடும்பங்கள் ஏமாறுவதும் அதில்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு தனியார் நடத்தும் போட்டிக்குத் 'தேசிய' என்று பெயரிருந்தாலும் அந்தத் தாள் ஒதுக்கீட்டுக்கு உதவாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கமோ பள்ளி விளையாட்டுக் குழுமமோ நடத்தும் போட்டியா என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள். சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஓரெழுத்துப் பிழையும் சரிபார்ப்பின்போது அலைக்கழிக்கும்.

ஆடுவதோடு இத்துறை முடிந்துவிடுவதுமில்லை. திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா நடுவராக உயர்ந்தவர். அகில இந்தியக் கூட்டமைப்பின் பயிற்றுநர் உரிமங்களைப் படிப்படியாகப் பெறலாம். உடற்கல்வி ஆசிரியர் பணிக்கும் படிக்கலாம். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் உள்ள பிரிவை எடுத்தால் இயன்முறை மருத்துவப் படிப்புக்கும் வழி திறந்திருக்கும். மதிப்பெண் இடம் கொடுத்தால் அதையே நான் பரிந்துரைப்பேன். முழங்காலில் ஒரு காயம் பட்டால் ஆட்டம் நின்றுபோகலாம், அந்தப் படிப்பு அப்போதும் கைகொடுக்கும்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன் மகளை அவளுடைய சான்றிதழ்களுடன் அழைத்துச்சென்று மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். அரசு விளையாட்டு விடுதிக்கான தேர்வு எப்போது, அதில் மகளிர் கால்பந்துக்கு இடம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.