சோவியத் சூப்பர்சானிக் பாம்பர்கள்: எந்தப் புத்தகத்த நம்பலாம்? (கேள்வி பதில்)

டியூ-22, டியூ-22எம், டியூ-160, அப்புறம் படைக்கே போகாம நின்னுபோன எம்-50, டி-4: எல்லாமே ஒலி வேகத்த தாண்டிப் பறக்கணும்னு சோவியத் யூனியன் செஞ்ச குண்டுவீச்சு விமானங்க. இதுங்களப் பத்தி என்ன வாங்கலாம், எத நம்பலாம்னு வந்த கேள்விகளுக்கு ஒண்ணா பதில் போடறேன். கேள்விகள கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

கார்த்திக்: அண்ணா, ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எது வாங்கட்டும்?

தம்பி, ஒண்ணுதான்னா யோசிக்காம யெஃபிம் கோர்டனும் விளாதிமிர் ரிக்மன்டும் சேந்து எழுதின ஏரோஃபாக்ஸ் புத்தகத்த வாங்கு. 1998ல மிட்லண்ட் பதிப்பகம் போட்டது, டியூ-22 பிளைண்டரும் டியூ-22எம் பேக்ஃபயரும் (ரெண்டும் நேட்டோ வச்ச பேரு) ஒரே அட்டைக்குள்ள வந்துடும். ரிக்மன்ட் இந்த டியூ விமானங்கள டிசைன் பண்ண டுபோலெவ் பீரோலயே வேலை பாத்தவர், அதனால எந்த மாடல்ல எதுக்கு எத மாத்துனாங்கங்கற கதை உள்ளிருந்து வரும், வெளிய நின்னு போட்டோ பாத்து யூகம் பண்ற சமாச்சாரம் இல்ல. பழசாத்தான் கிடைக்கும், அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல.

நித்யா: பழைய புத்தகக் கடைல 80கள்ல வந்த ஆங்கிலப் புத்தகம் ஒண்ணு கிடைச்சுது சார். அதுல டியூ-26னு ஒரு பாம்பர் இருக்கு, நெட்ல தேடினா அப்படி ஒண்ணே இல்லங்கறாங்க. புத்தகமே டுபாக்கூரா?

டுபாக்கூர் இல்லம்மா, அந்தக் காலத்துல அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீங்க பாத்தது டியூ-22எம். 1969 ஆகஸ்ட் 30 அன்னிக்கு முதல்ல பறந்துச்சு, மடக்கி விரிக்கிற இறக்கை, இன்ஜின் இருக்கற இடம் வேற, காத்து உள்ள போற வழி வேற, பழைய டியூ-22 பக்கத்துல நிறுத்துனா ரெண்டும் சொந்தக்காரங்கன்னு கூட யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா புது விமானம்னு கேட்டா மாஸ்கோவுல காசும் அனுமதியும் கஷ்டம்னு டுபோலெவ் ஆளுங்க இத பழசோட மாற்று வடிவம்னு சொல்லித்தான் காரியத்த நடத்துனாங்க, அதான் 22ங்கற நம்பர் அப்படியே ஒட்டிக்கிச்சு. வெளியில இருந்தவங்க இது கண்டிப்பா புது நம்பராத்தான் இருக்கும்னு டியூ-26னு வச்சுக்கிட்டாங்க. ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சுல ரஷ்யாக்காரங்க டியூ-22எம்னு சொன்னப்போ கூட பல பேர் நம்பல.

நான் ஒரு புத்தகத்த எடுத்ததும் முதல்ல எந்த வருஷம் அச்சாச்சுன்னுதான் பாப்பேன். 1991க்கு முன்னாடின்னா அதுல இருக்கற நீளம், எடை, வேகம், தூரம் எல்லாமே சேட்டிலைட் படத்துலயும் நடுவானத்துல பக்கத்துல பறந்து எடுத்த போட்டோவுலயும் இருந்து கணக்கு போட்டது. அமெரிக்க ராணுவத் துறை 1981ல இருந்து போட்ட சோவியத் மிலிட்டரி பவர் புத்தகங்கள்ல பாதி படம் ஓவியர் வரைஞ்சதுதான். பேக்ஃபயர் எவ்வளவு தூரம் பறக்கும்னு சிஐஏ ஒரு கணக்கு, ராணுவ உளவுத்துறை அதவிட பெரிய கணக்குன்னு வருஷக்கணக்குல சண்டை, ஏன்னா அமெரிக்கா வரைக்கும் வந்துட்டுப் போகும்னா அது அணு ஆயுத ஒப்பந்த எண்ணிக்கைல வரணும். கடைசில 1979 ஜூன்ல வியன்னாவுல சோவியத் தலைவர் பிரஷ்னேவ் அமெரிக்க அதிபர் கார்ட்டர்கிட்ட உறுதி குடுத்தாரு, வருஷத்துக்கு 30க்கு மேல செய்ய மாட்டோம், நடுவானத்துல எரிபொருள் ரொப்பி தூரத்த கூட்ட மாட்டோம்னு. மூக்குல இருந்த ரொப்புற குழாயையும் கழட்டிட்டாங்க. அதனால உங்க பழைய புத்தகத்த தூக்கிப் போட்டுடாதீங்க, விமானத்தப் பத்தி தெரிஞ்சுக்க உதவாது, ஆனா 80கள்ல எதுக்கு பயந்தாங்கன்னு தெரிஞ்சுக்க அதவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரவணன்: எங்க அப்பா என்சிபிஎச் கடைல வாங்கின சோவியத் புத்தகம் வீடு நிறைய இருக்கு. ரஷ்யாக்காரங்களே அந்தக் காலத்துல இதப்பத்தி எழுதலையா?

அந்த அலமாரில தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, கிடைக்காது. அங்க விமான வரலாறுன்னாலே வாதிம் ஷவ்ரோவ் எழுதின ரெண்டு பாகம்தான், அதுல ரெண்டாவது பாகம் 1978ல வந்துச்சு, வந்தும் என்ன, 1950ஓட நிறுத்திட்டாங்க. அப்போ டியூ-22 படைல சேந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஊர்க்காரனுக்கே அதப்பத்தி ஒரு வரி கிடையாது. மே தின அணிவகுப்புலயோ மாஸ்கோ துஷினோ விமானக் காட்சியிலயோ தலைக்கு மேல பறந்தா பாக்கலாம், படிக்க முடியாது. 80கள் கடைசில கோர்பசேவ் காலத்துல ரகசியம் தளர்ந்தப்புறம்தான் கிரீல்யா ரோதினி மாதிரி பத்திரிகைங்கள்ல கட்டுரை கட்டுரையா வர ஆரம்பிச்சுது, இன்னிக்கு நாம வாங்குற ஆங்கிலப் புத்தகங்களோட அடிவேர் பெரும்பாலும் அங்கதான்.

ஜெர்ரி: எனக்கு பிளைண்டர் மட்டும் போதும், ஆனா ஆழமா வேணும். பைலட்டுங்க சொன்ன கதையெல்லாம் இருக்கணும்.

அப்போ செர்கேய் பூர்தினும் ஆலன் டாவ்ஸும் எழுதின டியூ-22 புத்தகம், பென் அண்ட் ஸ்வோர்ட், 2006. இந்த லிஸ்ட்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா மத்த புத்தகமெல்லாம் மெஷினப் பத்தி பேசும், இது அதுக்குள்ள உக்காந்தவனப் பத்தியும் பேசும். படிச்சு முடிச்சா இந்த விமானத்துல ஏற யாருக்கும் மனசு வராது. இன்ஜின் ரெண்டும் வால் மேல, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா மூணு பேரு, அவசரத்துல சீட்ட இயக்குனா மேல இல்ல, கீழ்ப்பக்கமா தூக்கி எறியும், அதனால இறங்கும்போதோ ஏறும்போதோ ஏதாவது ஆச்சுன்னா குதிச்சும் பிரயோஜனம் இல்ல. இறங்குற வேகமும் அதிகம். 1958 ஜூன் 21ல முதல் மாதிரி பறந்துச்சு, கசான் ஃபேக்டரில மொத்தம் 311 செஞ்சாங்க, அதுல விபத்துல போனது நிறைய, எந்தப் படைப்பிரிவுல எப்படிப் போச்சுங்கறத இவங்க பொறுமையா எழுதியிருக்காங்க. கேபின குளிரவைக்க சாராயம் கலந்த தண்ணி லிட்டர் கணக்குல வச்சிருந்தாங்க, அது எங்க போச்சுன்னு நான் சொல்லணுமா என்ன. பேரே சாராய வண்டின்னு வச்சுட்டாங்க. ஆப்கானிஸ்தான் போர் கடைசில டியூ-22எம்3 குண்டு போடப் போகும்போது ரேடார குழப்ப கூடப் போனது இந்தக் கிழடுதான்.

ஒரு எச்சரிக்கை, இது மேலோட்டமா புரட்டுற புத்தகம் இல்ல, படைப்பிரிவு நம்பரும் விமானதளம் பேரும் பக்கம் பக்கமா வரும், தூக்கம் வந்தா என்ன திட்டாதீங்க.

ஃபயாஸ்: இந்த டியூ-22 நிஜமா சண்டைல எங்கயாவது குண்டு போட்டிருக்கா ப்ரோ?

போட்டிருக்கு, ஆனா முக்கியமா வாங்குனவங்க கையில. ஈராக், லிபியா ரெண்டு பேருதான் வாங்குனது. 1986 பிப்ரவரி 16ல பிரெஞ்சு விமானங்க சாடு நாட்டுல இருந்த லிபியாவோட வாடி தூம் ஓடுபாதைய அடிச்சாங்க, மறுநாளே ஒரே ஒரு லிபிய டியூ-22 போயி தலைநகர் ந்ஜமேனா விமானநிலையத்துல குண்டு போட்டுட்டு வந்துச்சு. 1987 செப்டம்பர்ல திரும்ப அங்க போனப்போ பிரெஞ்சு ஹாக் ஏவுகணை ஒண்ண வீழ்த்திடுச்சு. இதுக்கு டாம் கூப்பர் குழு ஹீலியன் பதிப்பகத்துல போட்ட லிபியன் ஏர் வார்ஸ் மூணு பாகம் பாருங்க. சின்ன புத்தகங்கள்தான், படம் அருமையா இருக்கும்.

மாதவன்: அணுசக்தில ஓடுற பாம்பர் ஒண்ணு ரஷ்யாகிட்ட இருந்துச்சாமே, எந்தப் புத்தகத்துல படிக்கலாம்?

இல்லாத விமானத்துக்கு புத்தகம் எங்க போறது! 1958 டிசம்பர் 1 தேதி போட்ட ஏவியேஷன் வீக் பத்திரிகைல, சோவியத் அணுசக்தி பாம்பர் பறந்துட்டிருக்குன்னு படத்தோட செய்தி வந்து அமெரிக்காவே ஆடிப் போச்சு. அந்தப் படத்துல இருந்த உருவம் மியாசிஷேவ்ங்கற டிசைனரோட எம்-50 மாதிரி. எம்-50 முதல்ல பறந்ததே 1959 அக்டோபர் 27, அதாவது செய்தி வந்து பத்து மாசத்துக்கு மேல கழிச்சு, அதுவும் சாதாரண மண்ணெண்ணெய் ஜெட் இன்ஜின்ல. அதுக்குன்னு திட்டம் போட்ட இன்ஜின் வரவே இல்ல, கிடைச்சத மாட்டுனதால ஒலி வேகத்தயே தாண்டல. 1960ல மியாசிஷேவ் பீரோவையே கலைச்சு ராக்கெட் செய்யற செலமேய் பீரோகிட்ட குடுத்துட்டாங்க. அப்புறமும் விடல பாருங்க, 1961 ஜூலை 9ல துஷினோ காட்சில அதே எம்-50ய பறக்கவிட்டு உலகத்துக்கே பூச்சாண்டி காட்டுனாங்க, அது ஏற்கனவே செத்துப்போன திட்டம்னு பாத்துட்டிருந்தவங்களுக்குத் தெரியாது. கோர்டனும் பில் கன்ஸ்டனும் சேந்து எழுதின சோவியத் எக்ஸ்-பிளேன்ஸ் (மிட்லண்ட், 2000) வாங்குங்க. எம்-50 இப்போ மாஸ்கோ பக்கத்துல மோனினோ மியூசியத்துல நிக்குது.

பிரியா: டி-4 அதே புத்தகத்துல வருமா? மாக் 3ல பறந்துச்சாமே?

வரும். மாக் 3க்கு (ஒலியவிட மூணு மடங்கு வேகம்) டிசைன் பண்ணாங்க, ஆனா அந்த வேகத்துல பறக்கல. டைட்டானியமும் ஸ்டீலும் வச்சு சுகோய் பீரோ செஞ்சது, வேகமா போகும்போது மூக்கு மேல ஏறி முன் கண்ணாடிய மூடிடும், பைலட் பெரிஸ்கோப்ல பாத்து ஓட்டணும். 1972 ஆகஸ்ட் 22ல விளாதிமிர் இலியுஷின் ஓட்டுனாரு (ஆமா, விமான டிசைனர் இலியுஷினோட பையன்தான், ஓட்டுனது போட்டி பீரோவோட விமானம்). மொத்தமே பத்து தடவ பறந்துச்சு, அதோட மூடிட்டாங்க. மாக் 3ல பறந்துச்சுன்னு எழுதியிருக்கற புத்தகத்த கடைலயே வச்சுட்டு வாங்க.

வினோத்: டியூ-160க்கு 2003ல வந்த கோர்டனோட ரெட் ஸ்டார் புத்தகம் இருக்கு. போதுமா?

டிசைன் கதைக்கு தாராளமா போதும். 1981 நவம்பர்ல மாஸ்கோ பக்கத்துல இருக்கற ராமென்ஸ்கோயே சோதனைத் தளத்துல டியூ-144 பயணிகள் விமானங்க பக்கத்துல நின்னத யாரோ எடுத்த போட்டோவுல மாட்டிக்கிச்சு, டிசம்பர் 18தான் முதல் பறப்பு. அதுல இருந்து சோவியத் உடைஞ்சப்போ உக்ரைன் பிரிலுகி தளத்துல மாட்டிக்கிட்ட 19 விமானம், அதுல 8 விமானம் எரிவாயுக் கடனுக்கு ஈடா 1999, 2000ல ரஷ்யாவுக்குப் போனது வரைக்கும் உங்க புத்தகத்தோட காலத்துக்குள்ள வந்துடும். ஆனா திரும்ப புதுசா கட்ட ஆரம்பிச்சு 2022 ஜனவரில முதல் புது விமானம் பறந்ததெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்? அது வேணும்னா கோர்டனும் கொமிசரோவும் ஷிஃபர் பதிப்பகத்துல 2016ல போட்ட பெரிய புத்தகத்துலயும் கிடைக்காது, புதுசா வர்ற எதையாவதுதான் பாக்கணும். கையில இருக்கறதே நல்லா இருக்கும்போது 2016க்கு அவ்வளவு காசு குடுக்காதீங்க. கோர்டன் புத்தகங்கள்ல ஒரே பாரா ரெண்டு மூணு இடத்துல திரும்பி வரும், ஒரே விமானத்துக்கு அவரோட ரெண்டு புத்தகம் வாங்கறது எனக்கு சரியாப் படல.

பாபு, அரக்கோணம்: எங்க ஊர் ஐஎன்எஸ் ராஜாளில பெரிய ரஷ்ய விமானம் தலைக்கு மேல போகும், காது கிழியும். அதுவும் இந்த லிஸ்ட்ல வருமா சார்?

அது டியூ-142, 2017 மார்ச்ல ராஜாளிலயே வழியனுப்பிட்டாங்க. டுபோலெவ் குடும்பம்தான், ஆனா டியூ-95 வழில வந்த டர்போபுராப், ஒலி வேகத்துக்குக் கீழதான். சத்தம் அந்த எதிரெதிரா சுத்துற புரொப்பெல்லராலதான். இந்த லிஸ்ட்ல வராது, ஆனா ஒண்ணு விசாகப்பட்டினம் பீச்ல மியூசியமா நிக்குது, உள்ளயே ஏறிப் பாக்கலாம், புத்தகத்தவிட மேல்.

ரம்யா: எனக்கு நட்டு போல்ட்டெல்லாம் வேணாம். எதுக்கு இவ்வளவு செஞ்சாங்க, ஏவுகணை இருக்கும்போது பாம்பர் எதுக்கு, அந்த அரசியல்தான் வேணும்.

ரெண்டு புத்தகம். ஸ்டீவன் ஸலோகாவோட கிரெம்ளின்ஸ் நியூக்ளியர் சோர்ட் (2002) கதை மாதிரி ஓடும், முதல்ல அத எடுங்க. பாவெல் பொட்விக் தொகுத்த ரஷ்ய அணு ஆயுதப் படைகள் புத்தகம் (எம்ஐடி பிரஸ், 2001) பாடப்புத்தகம் மாதிரி வறட்டுத்தனமா இருக்கும், ஆனா எந்த தளத்துல எத்தனைன்னு சந்தேகம் வந்தா நான் திறக்கறது அதத்தான்.

கார்த்திக்: அண்ணா திரும்பவும் நானேதான். ஏரோஃபாக்ஸ் ஒண்ணு பாத்துட்டேன், விக்கிறவர் பின்னாடி சில பக்கம் இல்லைங்கறாரு, விலை பாதி. எடுக்கலாமா?

எந்தப் பக்கம்னு போட்டோ அனுப்பச் சொல்லு. கலர் படம் போயிருந்தா எடுத்துடு, கோட்டு வரைபடம் போயிருந்தா நீ மாடல் கட்டுற ஆளு, வேணாம்.