ஸ்பெயின் கிராமப்புறத்தில் பைன் காடு, ஆறு, ஈரநிலம் மூன்றையும் நடந்து பார்க்க எங்கே போகலாம்?

மாட்ரிட்டும் பார்சிலோனாவும் பார்த்தாகிவிட்டது, இனி கூட்டமில்லாத இடத்தில் நாள் முழுக்க நடக்க வேண்டும், ஆனால் மலையேறிப் பழக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மோலினா தே அராகோனுக்குப் போங்கள். மாட்ரிட்டிலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். குவாதலஹாரா மாகாணத்தின் கோடியில், பெரிய பழங்கோட்டை ஒன்றின் காலடியில் இருக்கும் சிற்றூர் அது. தெற்கே இறங்கினால் ஆல்டோ தாஹோ இயற்கைப் பூங்கா; காடும் ஆறும் அங்கே. வடகிழக்கே முக்கால் மணி நேரம் போனால் கயோகாந்தா என்னும் உப்புநீர் ஏரி; ஈரநிலம் அங்கே. ஒரு மே மாதம், ஓர் அக்டோபர், ஒரு பிப்ரவரி என மூன்று முறை போய் நடந்திருக்கிறேன். பிரனீஸ் மலைகளையும் பார்த்தவன்தான் நான். ஆனாலும் யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது இந்த ஊரின் பெயர்.

கார் இல்லாமல் போகாதீர்கள். பஸ் மிகக் குறைவு. இந்த வட்டாரத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக இரண்டு மூன்று பேர்தான் வசிக்கிறார்கள். பல வீடுகளின் கதவு கோடை விடுமுறையில் மட்டும் திறக்கும். சின்னக் கிராமங்களில் கடையே கிடையாது. ரொட்டிக்காரர் வேனில் வந்து ஹாரன் அடிப்பார், நாலைந்து முதியவர்கள் பையுடன் வெளியே வருவார்கள், அவ்வளவுதான் அன்றைய சந்தை. ஆகவே சாப்பாட்டையும் தண்ணீரையும் மோலினாவிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர் என்றால் கவனம் தேவை. மிகாஸ் என்னும் ரொட்டித்தூள் வறுவலிலும் பூண்டு சூப்பிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும். தோர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு முட்டை ஆம்லெட்டும் ஆட்டுப்பால் சீஸும் என்னைக் காப்பாற்றின.

முதல் நாளுக்கு கயோ ஆற்றங்கரை போதும். ஓஸ் பள்ளத்தாக்கில் செம்மணற்கல் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் மடியில் ஒட்டினாற்போல் மாதா கோயில். கோயிலின் பக்கத்திலிருந்து மேலே ஏறும் படிப்பாதையில் நின்று பார்த்தால் ஆறு நூலாகத் தெரியும். இந்தச் சிவப்புப் பாறையில் வளரும் பைனை ரோதேனோ என்கிறார்கள். கருத்துத் தடித்துப் பாளம்பாளமாக வெடித்த பட்டை அதற்கு. சுண்ணாம்புக்கல் சரிவுகளுக்குப் போனால் சாம்பல் வெள்ளிப் பட்டை கொண்ட கரும்பைன். இன்னும் மேட்டில், அடிமரம் பழுப்பாகவும் உச்சி ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும் அல்பார் பைன். இந்த மூன்றையும் அடையாளம் காணப் பழகிவிட்டால் காலடியில் எந்தப் பாறை, ஏறக்குறைய எந்த உயரம் என்பதை மரமே சொல்லிவிடும். எனக்கு இந்த வித்தை பிடிபட்டது இரண்டாம் பயணத்தில்தான். அதன்பிறகு காடு ஒரே பச்சையாகத் தெரியவில்லை.

ரோதேனோ மரங்களை நெருங்கிப் பாருங்கள். சிலவற்றின் அடிமரத்தில் பட்டை சீவிய நீண்ட தழும்பு, ஆள் உயரத்துக்கு மேலும் போகும். பிசின் இறக்கியவர்கள் விட்டுப்போன வடு அது. பட்டையைச் செதுக்கி, கீழே மண்சட்டி ஒன்றைப் பொருத்தி, வடியும் பிசினைக் கோடை முழுவதும் சேகரித்து, காய்ச்சி டர்பன்டைன் எடுத்தார்கள். அந்தத் தழும்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘காரா’. முகம் என்று பொருள். மரத்துக்கு மரம் அத்தனை முகங்கள், இறக்க ஆளில்லை. மலிவான மாற்றுப் பொருள்கள் வந்ததும் விலை விழுந்தது, குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டன. இங்கே நீங்கள் தேடிப்போகும் அமைதி எப்படி வந்தது என்று அந்தத் தழும்பில் கை வைத்தபோது எனக்கு விளங்கியது.

தாஹோ ஆற்றுக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். ஐபீரியத் தீபகற்பத்தின் மிக நீளமான ஆறு இது. தெருவேல் மாகாணத்து மலையில் பிறந்து, 1,007 கிலோமீட்டர் ஓடி லிஸ்பனில் கடலைச் சேர்கிறது. ஆனால் பெராலேஹோஸ் தே லாஸ் துருச்சாஸ் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் தாஹோ இன்னும் சிறுபிள்ளை. சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் நீர், ஆழமான இடங்களில் நீலப்பச்சை, மற்ற இடங்களில் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். ஊர்ப் பெயரில் உள்ள ‘துருச்சா’ இந்த நீரின் டிரவுட் மீன்தான். ஆற்றோடு போகும் நெடும்பாதைக்கு ஜி.ஆர். 113 என்று எண். வெள்ளை, சிவப்புக் கோடுகள் மரத்திலும் பாறையிலும் தீட்டியிருக்கும். இரண்டும் குறுக்கே வெட்டிப் பெருக்கல் குறியாக இருந்தால் அது தவறான வழி, திரும்பிவிடுங்கள். வெள்ளையும் மஞ்சளும் என்றால் ஒரு நாளில் முடியும் குறும்பாதை.

பயிற்சி இல்லாதவர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. வழக்கமான மலையில் காலையில் ஏறி மாலையில் இறங்குவோம். இங்கே பெரும்பாலான ஊர்கள் மேட்டில், ஆறு பள்ளத்தில். காலையில் உற்சாகமாக இறங்கிவிடலாம், கால் ஓய்ந்த நேரத்தில்தான் ஏற்றம் வரும். கரையோரப் பாதை பெரும்பாலும் சமதளம் என்பதால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் யாரும் நடக்கலாம். ஆனால் பாதி வலு திரும்பி ஏறுவதற்கு இருக்கட்டும்.

இந்த ஆற்றில் ஒரு காலத்தில் மரம் ஓடியது. மலையில் வெட்டிய பைன் தடிகளை ஆயிரக்கணக்கில் நீரில் தள்ளி, நீண்ட கழியின் நுனியில் இரும்புக் கொக்கி மாட்டி, கான்செரோக்கள் என்னும் தொழிலாளர்கள் அவற்றை மாட்ரிட்டுக்குத் தெற்கே உள்ள அரான்ஹுவெஸ் வரை ஓட்டிப் போனார்கள். கட்டாத தனித் தடியின் மேல் நின்றபடி, பனி உருகிய தண்ணீரில், மாதக்கணக்கில். பெராலேஹோஸ் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தன் பாட்டனார் அந்த வேலை செய்தவர் என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கைத்தடியைக் கழியாகப் பிடித்து, முழங்காலைச் சற்று மடக்கி, எப்படி நிற்க வேண்டும் என்று எனக்குக் காட்டினார். அவருடைய பாதம் தரையில் இருந்தது. ஆனால் உடம்பு தண்ணீரில் மிதப்பதுபோல அசைந்தது. கரையோரக் கிராமங்கள் சில, கோடையின் கடைசியில் முறைவைத்து விழா எடுத்து இதை ஆற்றில் நடத்திக் காட்டுகின்றன. மரம் மிதத்தும் இந்தத் தொழிலை, ஸ்பெயின் உட்பட ஆறு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ 2022-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேதி ஒத்துவந்தால் விட்டுவிடாதீர்கள்.

தாராவியா குளத்தையும் பாருங்கள். சுண்ணாம்பு கரைந்த நீர் பாசியின் மேல் படிந்து படிந்து கல்லாகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வளர்ந்த தடுப்புக்குப் பின்னால் தேங்கிய குளம் அது. தண்ணீர் தனக்குத் தானே கட்டிய அணை.

மலைமுகடுகளில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், வட்டமிடும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்தால், அந்த மாடுகள் செத்ததும் தின்ற பாறுகள் இந்தியாவில் ஏறக்குறைய அழிந்தே போயின. இன்று தமிழ்நாட்டில் மோயாறு பள்ளத்தாக்கில்தான் அவற்றைப் பார்க்க முடியும். இங்கே ஒரே பாறைச் சுவரில் முப்பதுக்கு மேல் எண்ணினேன். அதே மருந்துக்கு 2013-இல் ஸ்பெயின் கால்நடைப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்பதை நினைத்தபோது வயிறு கலங்கியது.

தீ பற்றியும் எழுதியாக வேண்டும். 2005 ஜூலையில் லா ரிபா தே சாயெலிசெஸ் அருகே இறைச்சி சுட மூட்டிய அடுப்பிலிருந்து பரவிய நெருப்பு சுமார் 13,000 ஹெக்டேரை எரித்தது. அணைக்கப் போன 11 பேர் இறந்தார்கள். தேநீர் வைக்கக்கூடக் காட்டில் அடுப்பு மூட்டாதீர்கள். புகை கண்டால் 112-ஐ அழையுங்கள். குளிர்காலம் முடியும் தருணத்தில் பைன் கிளைகளில் வெள்ளைப் பஞ்சுக் கூடுகள் தொங்கும். அதிலிருந்து கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டித் தரையில் போகும். அழகாக இருக்கிறதே என்று குனிந்து தொடாதீர்கள், அதன் உரோமம் பட்டால் தோலும் கண்ணும் பாடுபடும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். பாதை முகப்பில் அறிவிப்புப் பலகை இருந்தால் அன்று வேறு பாதை. குளிரையும் குறைத்து மதிக்க வேண்டாம். 1952 ஜனவரியில் மோலினாவில் பதிவானது பூஜ்ஜியத்துக்குக் கீழே 28.2 டிகிரி.

கடைசி நாளை கயோகாந்தாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காடு முடிந்து, கோதுமை வயல்கள் விரிந்த மேட்டுநிலத்தில், கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஓர் உப்பேரி. வெளியேற வழியில்லாத நீர். மழை குறைந்த ஆண்டில் வெறும் வெள்ளைப் படலமாகிவிடும். வட ஐரோப்பாவிலிருந்து வரும் சாம்பல் பெருங்கொக்குகள், அங்கே குருயா என்பார்கள், இங்கே பல்லாயிரக்கணக்கில் இறங்குகின்றன. பகலில் வயல்களில் மேயும். நரி நெருங்காது என்பதால் இரவில் ஆழமில்லாத நீரில் நின்றே தூங்கும். நவம்பரும் பிப்ரவரி இறுதியும் உச்சக்காலம். ஏரிக்குள் இறங்காமல் சுற்றியுள்ள மண்பாதையிலும் பார்வைக் கூடங்களிலும் மட்டும் நில்லுங்கள்; ஒரு கூட்டம் மிரண்டால் அத்தனையும் எழுந்துவிடும்.

பிப்ரவரியில் நான் போனபோது அந்தி முழுவதும் வரிசை வரிசையாக வந்து இறங்கின. பார்ப்பதற்கு முன்பே கேட்டது. தொண்டைக்குள் உருளும் எக்காளம்போல ஒரு குரல், அடிவானம் முழுக்க. மறுநாள் முற்பகலில், வெயில் ஏறிய பிறகு, சில நூறு கொக்குகள் வயலிலிருந்து எழுந்து, இறக்கை அடிக்காமல் வெப்பக் காற்றில் சுழன்று சுழன்று மேலே போயின. பொட்டாகச் சிறுத்ததும் வட்டம் அவிழ்ந்து கோடானது. கோடு பிரனீஸ் இருக்கும் வடக்குத் திசையில் நகர்ந்தது. கீழே ஓர் உழவர் டிராக்டரை நிறுத்திவிட்டு, அவையும் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.