தார்ஜீலிங்கில் பனிமலையைப் படமெடுக்கும்போது பனி சாம்பலாக வராமல் இருக்க என்ன செய்வது?

பாளையங்கோட்டையிலிருந்து அக்டோபரில் குடும்பத்தோடு தார்ஜீலிங் போவதாகவும், போன தடவை மணாலியில் எடுத்த படங்களில் பனியெல்லாம் அழுக்கு வேட்டி மாதிரி இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேமராவில் பழுது இல்லை. வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டர், எதிரே எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்கப் பனி என்றால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் போட்ட கணக்கிலிருந்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள்.

ஆனால் இதை மட்டும் நம்பி, தார்ஜீலிங்கில் சூரிய உதயம் பார்க்கப் போகும் டைகர் ஹில் குன்றில் நின்றால் படம் வேறு விதமாகக் கெடும். 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா சிகரம் அங்கிருந்து ஃபிரேமில் ஒரு பட்டைதான். கீழே பாதிக்கு மேல் இருண்ட காடும் பள்ளத்தாக்கும். மீட்டர் அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றும், சிகரம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இங்கே –0.7 அல்லது –1 வைக்க வேண்டும். அளவுக்கு மீறி வெளுத்த இடங்களைத் திரையில் மின்னிக் காட்டும் ஹைலைட் அலர்ட்டைப் போட்டுவைத்து, பனியில் எங்காவது கறுப்பாக மின்னினால் இன்னும் குறையுங்கள். முற்றிலும் வெளுத்துப்போன பனியை எந்த மென்பொருளும் மீட்காது. இருண்ட காட்டையோ, கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்திருந்தால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தாராளமாகத் தூக்கலாம்.

இதைப் பழக மலைக்குப் போக வேண்டியதில்லை. செப்டம்பரில், மழைக்காலம் தொடங்கி உப்பை மூடிவைக்கும் முன்னால், தூத்துக்குடி அளத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். உள்ளே இறங்கும் முன் அளத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் உப்பு அம்பாரத்தை ஃபிரேம் நிறைய எடுங்கள், பிறகு தள்ளி நின்று கரும் வரப்புக்கு நடுவே சின்னதாக எடுங்கள். மேலே சொன்ன இரண்டு தவறும் அங்கேயே தெரிந்துவிடும். மேனுவலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/400 வைத்துப் பாருங்கள். நல்ல வெயில் விழும் பனிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான்.

நேரத்தில் கவனம் வேண்டும். தார்ஜீலிங் நமக்குக் கிழக்கே பத்து டிகிரிக்கு மேல் தள்ளி இருப்பதால் அக்டோபரில் ஏறக்குறைய அரைமணி நேரம் முன்னதாகவே விடியும். தரையில் வெயில் விழும் முன்பே சிகரம் சிவந்துவிடும், அந்த நிறம் சில நிமிடங்கள்தான் நிற்கும். ஆகவே வெள்ளனே போய், சூரிய உதயத்துக்கு அரைமணி நேரம் முன்பே டிரைபாடை நிறுத்திவிடுங்கள். பொழுது ஏற ஏற மேகம் கூடும், நேர் வெயிலில் பனியின் மடிப்புகளும் தெரியாது.

வைட் லென்ஸ் மலையைச் சிறுத்துக் காட்டும். 70-200 போல ஒன்று இருந்தால் அதையே மாட்டுங்கள். வெறும் பனிச்சரிவில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும், பாறையும் பனியும் சேரும் விளிம்பில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். நிறத்தின் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் விடியலின் சிவப்பைக் குறைத்துவிடும். லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரை முழுக்கத் திருப்ப வேண்டாம், அந்த உயரத்தில் வானம் கறுத்துப்போகும். போனில் எடுப்பவர்கள் பனிமேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்துவிட்டு, சூரியக் குறியை மேலேயோ கீழேயோ தள்ளினால் போதும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். நம்மூரில் ஏசி காரை விட்டு இறங்கியதும் லென்ஸ் வேர்க்கும். அங்கே குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போது அப்படி ஆகும். வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே வந்தபின் ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். மெமரி கார்டு வேண்டுமென்றால் பையில் போடும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.