கியர்பாக்ஸை இறக்கும் முன் டேப்பெட் கவரைப் பாருங்கள்

கேள்வி: 9 வருடப் பழைய பெட்ரோல் கார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. "கிராங்க் ஷாஃப்ட்டோட (இன்ஜினின் சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் பல நேரம் வேறு வேறாக இருக்கும். டேப்பெட் கவரின் (இன்ஜின் உச்சியில் உள்ள மூடி) பேக்கிங் காய்ந்து விறைத்துப்போனால், ஆயில் இன்ஜின் பக்கவாட்டில் வழிந்து, நீங்கள் சொல்லும் அதே இடத்தில் வந்து சொட்டும். பேக்கிங் மாற்றுவது சில மணி நேர வேலைதான். சீல் மாற்ற வேண்டுமென்றால் கிளட்ச்சையே கழற்ற வேண்டும்.

முதலில், சொட்டுவது எந்த ஆயில் என்று பாருங்கள். இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். கந்தக நாற்றம் வீசினால் கியர் ஆயில். அப்படியானால் கிராங்க் சீலுக்கு வேலையே இல்லை.

பிறகு, இன்ஜின் ஆறியபின் டீகிரீசர் (எண்ணெய் அழுக்கை நீக்கும் திரவம்) அடித்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டரையும் ஒயர் கனெக்டர்களையும் பாலிதீனால் மூடிவிட வேண்டும். பழைய அழுக்கு இருக்கும்வரை எதையும் கண்டுபிடிக்க முடியாது. காய்ந்ததும் 15 நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால் 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கிருந்துதான் ஒழுகுகிறது. சந்தேகம் உள்ள ஓரத்தில் பவுடர் தூவினால் ஈரக்கோடு பளிச்சென்று தெரியும். அப்படியும் பிடிபடாவிட்டால் ஆயிலில் யு.வி. சாயம் கலந்து நீல விளக்கில் பார்க்கலாம்.

ஆயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டு விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சையும் விடாதீர்கள். விலை குறைவு, ஆனால் இன்ஜின் ஓடும்போது மட்டும் கசிந்து ஆளை ஏமாற்றும். சமீபத்தில் சர்வீஸ் ஆன வண்டியென்றால் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் வாஷரையும், ஆயில் ஃபில்டரில் பழைய ரப்பர் வளையத்தின் மேலேயே புதியது உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருக்கலாம். உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும்; அதைச் சரிசெய்யாமல் போட்ட புது சீலும் ஒழுகும்.

இவ்வளவும் பார்த்து மேலே எல்லாம் காய்ந்திருந்து, கீழே அந்தச் சேரும் இடம் மட்டும் இன்ஜின் ஆயிலில் நனைந்திருந்தால் மெக்கானிக் சொன்னது பெரும்பாலும் சரி. கியர்பாக்ஸ் இறங்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிக்கொண்டால் இறக்குக்கூலி இரண்டாவது தடவை வராது.